விளக்குக்கு முன்னால் வந்த வெளிச்சம்

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கல்லூரியில் கூரைக்குள் கட்டிய நீச்சல் குளம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: 'தொடக்க மேடை அருகே ஃபிளாஷ் பொருத்திய கேமராவுடன் நிற்கக் கூடாது. அணைத்து வைத்திருந்தாலும் கூடாது.' அணைத்து வைத்திருந்தாலும் ஏன் கூடாது என்று இப்போது அங்கே படம் எடுக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் கையில் இருக்கும் கேமராவுக்கு ஃபிளாஷே வேண்டாம், அரை இருட்டிலும் பகல் மாதிரிப் படம் தரும். அதனால் அந்தப் பலகை அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. "எவனோ ஒரு மடையன் என்னமோ செஞ்சு வச்சிருப்பான், அதான் எழுதிப் போட்டிருக்காவ" என்றாள் அவர்களில் ஒருத்தி. சரியாகத்தான் சொன்னாள். அந்த மடையன் நான்தான். எழுதித் தருகிறேன், எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயர் சாகுல். கோட்டாறுக்காரன். வாப்பா தொப்பியும் கைலியும் விற்ற கடையில் என்னை உட்கார வைக்கப் பார்த்தார். நான் இரண்டு கடை தள்ளி இருந்த ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம், பெயர் சூட்டு, பாஸ்போர்ட் படம். வளைகுடாவுக்குப் புறப்பட்ட பாதி ஊரின் முகத்தை நான்தான் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். பிறகு ஒரு நாளிதழின் நாகர்கோவில் அலுவலகத்தில் படக்காரனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். படித்ததும் பழகியதும் இவ்வளவுதான்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் தாணு சார். சுசீந்திரம் பக்கத்து வயல்காட்டு ஊரில் பிறந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, நெற்றியில் திருநீறு கலைந்து நான் பார்த்ததில்லை. திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் எடுத்துவந்த படங்களைத் திரையில் ஓடவிட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் ஒன்றைத் தொடுவார். தொட்டது அச்சுக்குப் போகும், தொடாதது குப்பைக்குப் போகும். தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எங்க நின்னே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வேலை பிடிபட்டது என்றால் மிகையில்லை. நான் முதன்முதலாக இந்தக் குளத்துக்குப் போன நாளைச் சொல்கிறேன். முக்கடல் கூடும் மாவட்டத்தில் கூரைக்குள் எதற்குத் தண்ணீர் என்று ஊரே கேலி பேசிக்கொண்டிருந்த காலம். அலுவலகத்தில் கேமரா இருந்த அறை ஏசி அறை. அங்கிருந்து எடுத்துக்கொண்டு நேராகக் குளத்துக்குள் நுழைந்து பையைத் திறந்தேன். உள்ளே வெக்கை, குளோரின் நெடி, ஈரம். லென்ஸ் கண்ணாடி அப்படியே பூத்துவிட்டது. துடைத்தால் மறுபடி பூக்கிறது. நான் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நூறு மீட்டர் போட்டி முடிந்து பதக்கமும் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது பனிமூட்டத்தில் எட்டுத் தலைகள்.

தாணு சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எங்க நின்னே?" என்றார்.

"குளத்துக்க ஓரத்துல சார்."

"வெளிய நின்னிருக்கணும். ஒரு மணி நேரம் முன்னாடி போயி, பையத் தொறக்காம உள்ள வச்சிட்டு, நீ வெளிய நின்னு சாயா குடிச்சிருக்கணும். சூடு ஏறட்டும். பெறவு தொற."

அன்றிலிருந்து எந்தப் போட்டிக்கும் ஒரு மணி நேரம் முன்னால் போனேன். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டவைதான் மற்றதெல்லாம். நீச்சல்காரரின் முகம் தண்ணீருக்கு வெளியே இருப்பது ஒரு நொடியில் பாதிகூட இல்லை. ஃப்ரீஸ்டைலில் வருகிறவர் மூச்சை ஒரு பக்கமாகத்தான் எடுப்பார். அந்தப் பக்கம் எது என்று தெரியாமல் நின்றால் பின்மண்டைதான் கிடைக்கும். அதனால் போட்டிக்கு முன் உடம்பைச் சூடேற்ற நீந்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்: மூன்றாம் லேன் இடது, ஐந்தாம் லேன் வலது. பட்டர்ஃபிளை வேறு. அதில் இரண்டு கையும் ஒன்றாக வெளியே வந்து, முகம் நேராக முன்னால் எழும்பும். சிலர் ஒவ்வொரு வீச்சுக்கும் எழும்புவார்கள், சிலர் இரண்டுக்கு ஒருமுறை. நான் வாய்க்குள் எண்ணுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் இறைவன் பெயரை உருப்போட்டு திக்ர் செய்வதாக நினைத்ததும் உண்டு.

இன்னொன்று, குளத்தில் ஃபிளாஷ் கிடையாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த்துளி அத்தனையும் வெள்ளைப் புள்ளியாகும், சுவர் ஓடு பளீரென்று திருப்பியடிக்கும், நீந்துகிறவர் கண் கூசும். உள்ளே விடும்போது எங்களிடம் வாங்கும் கையெழுத்துத் தாளிலும் அது முதல் வரி. பல வருடம் அந்தத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் மீறப்போகிற விதி அது இல்லை என்று அவ்வளவு நிச்சயம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பள்ளி மாணவிகளுக்கான மாவட்ட நீச்சல் போட்டி. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். ஐம்பது மீட்டர் பட்டர்ஃபிளையில் புதுக்கடையிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள், பெயர் ஜெனிஷா. பதினேழு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், அந்தப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா லில்லி அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். விரல்நுனி எல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருக்கும். அந்த விரல்களால்தான் மகளோடு பேசுவார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

காலையில் தகுதிச் சுற்றின்போது அவளுடைய தொடக்க மேடைக்குப் பக்கத்தில், தரையில், ஒரு சின்ன விளக்கு வைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டேன். மற்றவர்களுக்குப் போட்டியைத் தொடங்கிவைப்பது ஒரு பீப் சத்தம். அது இவளுக்குக் கேட்காது. சத்தம் வரும் அதே கணத்தில் அந்த விளக்கு ஒருமுறை வெள்ளையாக மின்னும், அதைப் பார்த்துப் பாய்வாள் என்றார் தொடங்கிவைப்பவர். எனக்கு எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும். தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்தச் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்தாள். விளக்கு மின்னவும் அவள் பாயவும் நடுவில் ஒரு இமைப்புகூட இல்லை. நான் அவள் பக்கத்து ஓரத்தில், விளக்குக்குக் கொஞ்சம் பின்னால் குத்தவைத்து எடுத்தேன். பின்னணி சுத்தமாக இருந்த ஒரே இடம் அது. இறுதிப் போட்டிக்கும் அங்கேயே நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

இறுதிப் போட்டிக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் வந்தார். காலையில் விழாவைத் தொடங்கிவைக்க வேண்டியவர் வெயில் உச்சிக்கு ஏறியபிறகு வந்தார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் ஒரு காரியமும் மேற்கொண்டு நடக்காது. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பிள்ளைகள் நனைந்த உடையோடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். விழா மேடை பார்வையாளர் கேலரிக்கு அடியில், இருட்டில் இருந்தது. "பாய், படம் நல்லா வரணும்" என்று விழாச் செயலர் என் கையைப் பிடித்து இழுத்தார். பையிலிருந்து ஃபிளாஷை எடுத்து கேமரா தலையில் மாட்டினேன். ஒரு பொன்னாடை. விருந்தினர் கண்ணை மூடிவிட்டார், அதே பொன்னாடையைக் கழற்றி இன்னொருமுறை. பிறகு தாளாளருக்கு ஒன்று. பிறகு செயலருக்கே ஒன்று. அவரும் மனிதர்தானே.

மூன்றாவது பொன்னாடை முடிவதற்குள் நீண்ட விசில் ஒலித்தது. பிள்ளைகள் தொடக்க மேடையில் ஏறவேண்டும் என்பதற்கான விசில் அது. நான் மேடையிலிருந்து குளத்தின் ஓரத்துக்கு, ஈரத்தில் வழுக்காமல், ஓடியும் ஓடாமலும் வந்தேன். வருகிற வழியில் ஃபிளாஷைப் பார்த்தேன். அதன் முதுகில் இருக்கும் சிவப்புப் புள்ளி எரியவில்லை. அணைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அது அணையவில்லை, தூங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் மின்கலத்தை மிச்சப்படுத்த அதுவாகவே கண்ணை மூடிக்கொள்ளும். படமெடுக்கும் பொத்தானில் விரல் பட்டதும் விழித்துக்கொள்ளும். இது ஸ்டுடியோவில் முதல் வாரம் சேர்ந்தவனுக்கும் தெரியும். கழற்றிப் பையில் போட ஐந்து நொடி ஆகியிருக்கும். அந்த ஐந்து நொடியை நான் செலவு செய்யவில்லை.

எட்டுப் பேரும் குனிந்தார்கள். குளம் அமைதியானது. நான் விரலை அழுத்தினேன்.

இந்த வகை கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. படம் விழுகிற கணத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி, பார்க்கிற துவாரத்தை மறைத்துவிடும். தன் ஃபிளாஷ் வெடித்ததைத் துவாரத்தில் கண் வைத்திருப்பவன் பார்க்க முடியாது. அங்கே இருந்த எல்லாரும் பார்த்த வெளிச்சத்தை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. ஜெனிஷா பாய்ந்ததைத்தான் பார்த்தேன். மற்ற ஏழு பேரும் அப்படியே குனிந்து நின்றார்கள்.

தொடங்கிவைப்பவர் விசிலை ஊது ஊதென்று ஊதினார். அவளுக்கு எங்கே கேட்கும்? இப்படி யாராவது முந்திவிட்டால் நிறுத்துவதற்கென்றே குளத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அவிழ்த்துவிட்டால் தண்ணீரில் விழுந்து வழியை மறிக்கும். அந்தக் கயிற்றுக்குப் பொறுப்பாக நின்றவர் மேடைப்பக்கம் போய் விருந்தினரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் நீந்திக்கொண்டே போனாள். இருபத்தைந்து மீட்டர் போய், சுவரை இரு கையாலும் தொட்டுத் திரும்பி, அதே வேகத்தில் வந்தாள். காலையில் நீந்தியதைவிட நன்றாக நீந்தினாள். நான் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டே இருந்தேன். கை பழகிய பழக்கம் அப்படி. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொட்டதும் தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு கணம் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, எல்லாரையும் அவ்வளவு தூரம் முந்திவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். ஏழு பேரும் தண்ணீரில் இறங்காமலே தொடக்க மேடைமேல் நின்று அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஃபரி கிரேஸ் டீச்சர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருப்பார், விதிப்புத்தகம் மனப்பாடம், யாருக்கும் வளையாதவர். விதி ஒன்றுதான்: முந்தினால் வெளியே. கையைக் குறுக்கே அசைத்துவிட்டார். அதற்குள் லில்லி கேலரியிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். ஜெனிஷா மூடிய கையை முகத்துக்கு நேராகப் படக்கென்று விரித்துக் காட்டினாள். மறுபடி, மறுபடி அதையே காட்டினாள்.

"வெளிச்சம் வந்துதுண்ணு சொல்லுகா டீச்சரே," என்றார் லில்லி. "நானும் கண்டேன். வெள்ளையாட்டு ஒண்ணு மின்னிச்சு. எனக்க பிள்ளை அது விளக்குண்ணு நெனச்சுப் பாய்ஞ்சிட்டா."

"நானுந்தாம்மா கண்டேன். கேலரியில நூறு போன் இருக்கு. யாருக்க வெளிச்சம்ணு நான் எப்படிச் சொல்ல? அது வந்த பெறகு பாய்ஞ்சாளா, முந்தியே பாய்ஞ்சாளாண்ணும் எனக்குத் தெரியாதே. ஆதாரம் இல்லாம நான் மாத்தி எழுத முடியாது."

"எனக்க பிள்ளை கள்ளம் சொல்லமாட்டா."

"கள்ளம்ணு நான் சொல்லல. அரை மணி நேரத்துக்குள்ள ஆதாரம் கொண்டு வாங்க. இல்லண்ணா எழுதினது எழுதினதுதான்."

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கேலரியில் எவன் வேலையோ என்று நானும் முணுமுணுத்தேன். பிறகு, எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று கேமராவின் திரையைப் பார்த்தேன்.

முதல் படம் பகல் மாதிரி இருந்தது. எட்டுப் பேரும் குனிந்து மேடையில் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் நிழலும் பின்சுவரில் கறுப்பாக விழுந்திருக்கிறது. தரையில் விளக்கு எரியாமல் இருக்கிறது. இரண்டாவது படம் மங்கல்: ஏழு பேர் அப்படியே, ஜெனிஷாவின் முட்டி மட்டும் விரியத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் அவள் காற்றில் இருக்கிறாள். பொன்னாடைப் படங்களிலேயே மின்கலம் தளர்ந்திருந்தது, ஒருமுறை வெடித்த ஃபிளாஷ் மறுபடி மின்னேற ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும், அதனால்தான் எடுத்த அத்தனையிலும் முதலாவது மட்டும் பளீர். நிழல் விழுந்த கோணமே காட்டிக்கொடுத்தது. கேலரியிலிருந்து வந்த வெளிச்சம் இல்லை. நான் குத்தவைத்திருந்த இடத்திலிருந்து, விளக்கு இருந்த திசையிலிருந்தே வந்த வெளிச்சம். ஃபிளாஷின் சிவப்புப் புள்ளி இப்போது எரிந்துகொண்டிருந்தது.

உடை மாற்றும் அறைக்குப் பின்னால் போய் தாணு சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"எங்க நின்னே?"

"அவ பக்கத்துல சார். விளக்குக்குப் பின்னால."

"சாகுலு, கேலரியில நூறு போன் இருக்குண்ணு அவியளே சொல்லுகாவ. நீ என்னத்துக்கு வாயத் தொறக்கே? கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். ஒனக்கு மட்டுமில்ல, பேப்பருக்கே தடை போடுவாவ. இந்தக் குளத்துக்குள்ள நம்மள விடுகதுக்கு நான் எத்தன பேருக்க வாசல்ல நின்னேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். வெயிலில் நின்றிருக்கிறார். வேறு எந்தப் பத்திரிகைக்கும் குளத்தோரம் நிற்க அப்போது அனுமதி இல்லை.

"அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருசம் இல்ல சார்," என்றேன்.

"நான் சொல்லதச் சொல்லிட்டேன்," என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் பாதி போயிருந்தது. யோசித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன், பயந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம்கூட இல்லை. கெட்ட பெயரோடு வெளியே போகவேண்டுமா? ஆனால் அந்தப் பிள்ளை துண்டுகூடப் போர்த்தாமல், போகிற வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் போய்க் கையை மூடி விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இன்னொருவர் சிரித்தார். அவள் விடவில்லை, அடுத்தவரிடம் போனாள். அடுத்து என் பக்கம்தான் வருவாள் என்று தோன்றியது. அவள் என்னிடம் வருவதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று நடந்தேன்.

கிரேஸ் டீச்சரிடம் கேமராவை நீட்டினேன். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு மூன்று படத்தையும் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அணைந்திருந்த விளக்கின்மேல் விரலை வைத்தார்.

"இது ஒங்க ஃபிளாஷா?"

"ஆமா டீச்சர்."

"இத யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாவ. அது தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் காட்டுதியளா?"

"ஆமா."

அவர் என்னைப் பாராட்டவில்லை. பொன்னாடைச் செயலர் பக்கத்தில் நின்று குதித்தார், பத்திரிகைக்காரர்களை உள்ளேயே விட்டிருக்கக் கூடாது என்றார். டீச்சர் அவரைக் கையமர்த்திவிட்டுத் தீர்ப்பை இரண்டு பகுதியாகச் சொன்னார். வெளியாளின் குறுக்கீட்டால் நடந்த பிழை, ஆகவே ஜெனிஷாவை வெளியேற்றியது ரத்து. எல்லாப் போட்டியும் முடிந்த பிறகு பட்டர்ஃபிளை இறுதி மறுபடி நடக்கும். இரண்டாவது பகுதி எனக்கு: இப்போதே குளத்தோரத்தை விட்டுக் கேலரிக்கு ஏறவேண்டும், இரண்டு வருடத்துக்கு எனக்கும் என் பத்திரிகைக்கும் இந்தக் குளத்தில் இடமில்லை.

லில்லி அதை விரல்களால் மகளுக்குச் சொன்னார். அவள் கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை, நல்ல கோபம். கேமராவின் தலையில் இருந்த ஃபிளாஷைச் சுட்டிக் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். லில்லி அதை ஈரத் துண்டில் சுற்றி, பச்சைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு ஜெனிஷா என்னமோ கேட்டாள்.

"இந்தத் தடவையாவது ஒழுங்காட்டு எடுப்பியளாண்ணு கேக்கா," என்றார் லில்லி, தலையைக் குனிந்துகொண்டு.

எடுப்பேன் என்றேன்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மறுநாள் தாணு சார் கேட்டது ஒரே ஒரு படத்தைத்தான்: அந்தப் பிள்ளை தனியாக நீந்தி முடித்து, சிரித்தபடி வெறும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்த படம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது, எனக்கும் தெரியும்.

"முதல் பக்கத்துக்குப் போடலாம். குடு."

"தரமாட்டேன் சார். நான் செஞ்ச தப்பால வந்த சிரிப்பு அது. அத வச்சுப் பேரு வாங்க எனக்கு மனசு வராது."

அவர் முகத்தைப் பார்க்காமலே, மறுபோட்டியின்போது நான் கேலரியிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டார். "எங்க நின்னே?" "கேலரியில சார்." "தெரியுது," என்றார். தீப்பெட்டி அளவுக்கு ஆறாம் பக்கத்தில் போட்டார். ஓய்வு பெறும்வரை என்னைக் கலெக்டர் அலுவலக மனு நாளுக்கும் சாலை மறியலுக்கும் அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்திரிகைக்காக அவர் வாங்கிவைத்திருந்ததை நான் ஒரு மத்தியானத்தில் தொலைத்துவிட்டேன். ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் கேமராவை நீட்டத்தான் செய்வேன் என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

மறுபோட்டி. கேலரியில் லில்லிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் தொப்பிகளும் தண்ணீரும்தான் தெரியும், முகம் தெரியாது. ஏற்கெனவே ஐம்பது மீட்டரை முழு வேகத்தில் நீந்தியவள். மற்ற ஏழு பேருக்கும் அந்தக் களைப்பு இல்லை. இது நியாயமான போட்டி இல்லை என்பது எனக்கும் டீச்சருக்கும் தெரியும், ஆனால் இதற்குமேல் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. தொடங்கும் முன் டீச்சர் ஒலிபெருக்கியில், போன்களை எல்லாரும் பைக்குள் போடுங்கள் என்றார். போட்டார்கள். விருந்தினரும் போட்டார்.

விளக்கு மின்னியது. எட்டுப் பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். இல்லை, ஏழு பேர் பாய்ந்தார்கள், ஜெனிஷா ஒரு இமைப்பு தாமதித்துப் பாய்ந்தாள். காலையில் இல்லாத தாமதம் அது. இது உண்மையான வெளிச்சம்தானா என்று அவள் உடம்பு ஒருமுறை கேட்டுக்கொண்டது. அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவன் நான். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

திருப்பத்தில் ஐந்தாவதாக இருந்தாள். லில்லி மடியிலிருந்த துண்டுப் பொதியை இறுக்கிப் பிடித்தார். "ஏட்டி, போ! வெரசலா போ!" என்று கத்தினார். கேட்காது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான், கத்திக்கொண்டே இருந்தார். நானும் கத்தினேன். கத்தியபடி எண்ணிக்கொண்டும் இருந்தேன். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூச்சு எடுத்தவள், திரும்பி வரும்போது மூன்றுக்கு ஒருமுறை எடுத்தாள். பிறகு மூச்சே எடுக்கவில்லை. தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கையை மட்டும் வீசி வீசி வந்தாள். நான்காவது, மூன்றாவது. கடைசியில் மூன்று பேர் ஒரே நேரம் தொட்டதுபோல இருந்தது. நான் அழுத்தினேன். ஆறாம் பக்கத்தில் வந்த படம் அதுதான்.

நேரம் எடுத்தவர்கள் கடிகாரங்களை ஒன்றுகூட்டிப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். கிரேஸ் டீச்சரே தாளை எடுத்துவந்து சுவரில் ஒட்டினார். ஜெனிஷா விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் இரண்டாவது பெயரில் நின்றது.

அவள் படியேறி அம்மாவிடம் வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், படம் எடுக்கவில்லை. பிறகு லில்லி துண்டைப் பிரித்து ஃபிளாஷை என்னிடம் நீட்டினார்.

"இந்தா சாரே, ஒங்க சாதனம்."

ஜெனிஷா என் கேமராவை வாங்கி, தொடுகிற படத்தைப் பார்த்தாள். தன் தொப்பியை அடையாளம் கண்டுகொண்டு தலையாட்டினாள். பிறகு அம்மாவிடம் ஏதோ கேட்டாள்.

"மாநிலப் போட்டிக்குப் படம் எடுக்க வருவியளாண்ணு கேக்கா. அதும் இந்தக் குளத்துலதானாம்."

"வர முடியாதும்மா. எனக்கு ரெண்டு வருசம் தடை."

லில்லி சொன்னார். அவள் புருவத்தைச் சுருக்கினாள், இதற்காகவா என்று ஃபிளாஷைச் சுட்டினாள். ஆமாம் என்று தலையசைத்தேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரல்களைச் சுருக்கமாக அசைத்து ஒன்று சொன்னாள். லில்லி அதைச் சொல்லாமல் நின்றார்.

"என்ன சொல்லுகா?"

"ஒண்ணுமில்ல சாரே. சின்னப்பிள்ளைல்லா."

"சொல்லுங்க."

"அது செரிதான்னு சொல்லுகா."

நான் அவளைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டு, துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.